கொலையானவர்கள் டீ கேட்கும் ஊர்

கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, காலுக்கு நடுவே கருங்கல்லை வைத்து, காய்ந்த முந்திரிக்கொட்டையை ஒவ்வொன்றாக அதன்மேல் நிறுத்தி, பருப்பு நோகாமல் ஓடு மட்டும் பிளக்கிற மாதிரி கட்டையால் ஒரு தட்டு, அடுத்ததை நிறுத்தி இன்னொரு தட்டு என்று தட்டிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் சும்மா உட்கார்ந்து பேச எனக்கு வராது, கை வேலையில் இருந்தால்தான் வாய் கொஞ்சமாவது திறக்கும். ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் வெந்துபோகும். என்னதான் சாம்பல் பூசினாலும் நாளாக நாளாக விரல் நுனியில் இருக்கிற கோடெல்லாம் தேய்ந்து கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி மொழுக்கென்று ஆகிவிடும். எங்கள் கருக்கைமேட்டில் கொட்டை உடைக்காத வீடு கிடையாது, ஆம்பளை பொம்பளை என்று கிடையாது, சுற்றுப்பட்டு ஊரிலும் அதே கதைதான். ரேஷன் கடையில் ரேகை பார்க்கிற அந்தக் கறுப்பு மெஷின் எங்கள் விரலைப் பார்த்தாலே பிடிக்காத மாமியார் மாதிரி 'இல்லை, இல்லை' என்று சத்தம் போடும், நாங்களும் விரலைத் தலையில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி வாங்கிக் கட்டிக்கொண்டு வருவோம்.

அப்படிப்பட்ட ஊரில்தான் வரிசையாகக் கொலை விழ ஆரம்பித்தது.

முதலில் கொலையானது டீக்கடை பாவாடை மாமா. விடிந்து எல்லோரும் கடைக்குப் போனபோது அவர் பெஞ்சில் சாய்ந்து, கையில் கிளாஸைப் பிடித்தபடியே செத்திருந்தார், கழுத்தில் குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்திய குழி, அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுத்து அமுக்கினால் விழுகிற மாதிரி ஒரு குழி. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, 'இது கொலைதான், சந்தேகமே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்லாவில் கை வைக்கவில்லை, சாமான் ஒன்றும் குறையவில்லை, பாவாடை மாமாவுக்கு இந்தப் பூமியில் எதிரி என்று ஒரு கோழிக்குஞ்சுகூடக் கிடையாது.

ஒரே ஒரு ஆளோடுதான் அவருக்குப் பேச்சு இல்லை, அவர் கூடப்பிறந்த தம்பி ராசாங்கம். மாமா வீட்டுக் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது தம்பியை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள், கூப்பிடாமல் எப்படி ஏறுவது என்று அவர் சாப்பாட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தார், அன்றிலிருந்து அண்ணன் கடையைத் தாண்டும்போது முகத்தைப் பனைமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு போவார், திருப்பித் திருப்பிக் கழுத்தே அந்தப் பக்கமாகத் திரும்பிப் போயிற்று. ஆனால் எங்கள் பக்கத்தில் எவ்வளவு ஆகாதவராக இருந்தாலும் சாவுக்கு வராமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முறுக்கிக்கொள்ளலாம், காதுகுத்துக்கு முறுக்கிக்கொள்ளலாம், எழவுக்கு முறுக்கிக்கொண்டால் ஊர் அவனை மனுசனாகவே வைக்காது. ராசாங்கம் மாமா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார், 'அண்ணே' என்று மேலே விழுந்தார், விழுந்து ரெண்டு கேவல் கேவியதும் பாவாடை மாமா ஒரு பெரிய தும்மல் தும்மி, கண்ணைத் திறந்து, தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "டேய் ராசாங்கம், பால் பொங்குதுடா, அடுப்பைச் சிறுசு பண்ணு" என்றார்.

ராசாங்கம் மாமா எழுந்து அடுப்பைச் சிறுசு பண்ணினார். எல்லோரும் டீ குடித்தோம்.

அப்புறம் பச்சையம்மா பெரியம்மா கொலையானாள். சம்பந்தி வீட்டுக்குப் போனபோது ஆறிப்போன காபி கொடுத்தார்கள் என்று பேச்சை விட்டவள். சம்பந்தியம்மா வந்து கட்டிப்பிடித்து அழுத கையோடு எழுந்து உட்கார்ந்து, "இப்பவாச்சும் சூடா ஒரு காபி போடச் சொல்லுங்க" என்றாள். அப்புறம் விருத்தகிரி வாத்தியார். பக்கத்து வீட்டுப் பலாமரத்துக் கிளை இவர் சுவருக்குள் காய்த்தது, பழம் யாருக்கு என்பதில் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று, பழம் யாருக்கும் இல்லாமல் வருசா வருசம் அழுகி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தலைமாட்டில் நின்று குலுங்கி அழுததும் வாத்தியார் எழுந்தார், ஆனால் அவசரக்காரர் யாரோ அதற்குள் வாய்க்கரிசி போட்டிருந்தார்கள், அதைத் துப்பிவிட்டு, "ரேஷன் அரிசியையா போட்டீங்க?" என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

மனுசருக்கு எதுவும் பழகிவிடும். இனிமேல் வரவேண்டியவர் வராமல் வாய்க்கரிசி கிடையாது என்று ஊரில் முடிவானது. எழவு விழுந்த தெருவில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது பழக்கம்தான், எழுந்தவர் டீ கேட்டால் என்ன செய்வது என்று ஒரு வீட்டு அடுப்பை மட்டும் அணைக்காமல் வைத்தார்கள். பந்தல்காரர் ஒவ்வொரு தடவையும் பிரிக்க அலுத்துப்போய் முக்குத்தெருவில் பந்தலை நிரந்தரமாகவே விட்டுவிட்டார், ஆள் செத்திருக்கும்போது செத்தவருக்கு, மற்ற நேரம் கொட்டை காயப்போட. மேளக்காரர்கள், ஆள் எழுந்துவிட்டால் அடியைப் பாதியில் கல்யாண அடியாக மாற்றப் பழகிக்கொண்டார்கள். எழுந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, கழுத்துக் குழி மட்டும் மறையவில்லை, பாவாடை மாமா அதில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டார், வசதியாக இருக்கிறது என்றார்.

ஊருக்குப் பழகியது, போலீசுக்குப் பழகவில்லை. டவுனிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருத்தரை அனுப்பினார்கள், தாணுமாலயன் என்று பேர், நாகர்கோவில் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் தங்க இடம் இல்லை, அதனால் எங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டார். என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார், அடுத்த வீட்டில் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணி, கொளஞ்சியம்மா அக்கா இருக்கிற தைரியத்தில்தான் விட்டோம். நான் அந்த மனுசரிடம் நேரே ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். என் மகள் வெண்ணிலாதான், இப்போதுதான் பேச்சு வருகிற பிள்ளை, அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் மடியிலேயே கிடப்பாள்.

நல்ல மனுசர். ஒரு காது மந்தம். மீசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். காலையில் கிளம்பும்போது கொளஞ்சியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வம்புக்கு இழுப்பாள்.

"என்னா சார், கொலகாரன் கெடைச்சானா?"

"காரணம் கெடைச்சா ஆளு கெடைச்சிருவான் பாத்துக்கிடுங்க. காரணம் இல்லாம மனுசன் ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டான்."

"எறும்ப நாங்க நெறைய நசுக்கறோம், காரணத்த யாரு கேக்குறா?"

அவர் கொலையானவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். யாரம்மா கொன்னது? "பாக்கலியே சார், பின்னாலேர்ந்து செல்லமாத் தொட்ட மாதிரி இருந்துச்சு." யார் மேலயாவது சந்தேகம்? "ஒருத்தர் மேலயும் கெடையாது." யாரோடயாவது பகை, பேச்சு இல்லாம இருக்கியளா? "அய்யய்யோ, அதெல்லாம் யாரோடயும் கெடையாதுங்க!" பொய் இல்லை. அவர் கேட்கிற நேரத்தில் யாருக்கும் யாரோடும் பகை இல்லைதான், எல்லோரும் அழுது எழுந்து பேசி முடித்துவிட்டிருந்தார்கள். பேசிக்கொண்ட பிறகு பழைய சண்டையை வாயில் எடுப்பது எங்கள் ஊரில் எச்சில் இலையில் சாப்பிடுகிற மாதிரி, யாரும் செய்யமாட்டார்கள், போலீஸ் கேட்டாலும் செய்யமாட்டார்கள். இப்படியாக அந்தப் பாவப்பட்ட மனுசர் காரணத்தைத் தேடி வருகிற வழியெல்லாம், அவர் வருவதற்குச் சற்று முன்னால் காரணத்தை நாங்களே கூட்டிப் பெருக்கிவிட்டோம்.

கழுத்துக் குழியில் மெழுகை ஊற்றி அச்சு எடுத்துப் பார்த்தார், ரேகையே இல்லை. ரேகை இல்லாத விரல் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ரேஷன் கடைப் பக்கம் போனவர், வரிசையில் நின்ற எங்கள் அத்தனை பேரையும் மெஷின் திட்டித் திட்டி அனுப்புவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கே ஊரில் எல்லோர் கட்டைவிரலையும் மையில் தொட்டுக் காகிதத்தில் பதிந்தார், பதிந்ததெல்லாம் கறுப்பு வட்டம், உளுந்து வடையைப் பரப்பிவைத்த மாதிரி. சாயங்காலம் முன்னறையில் அவற்றின் நடுவே உட்கார்ந்துகொண்டு வெண்ணிலாவிடம், "மக்களே, ஊரே கொலைகாரங்களாக்கும், இல்லன்னா ஒருத்தருமே இல்லை" என்றார், ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்பதுதான் அவர் ஊர்ப் பேச்சு. அவள் ஒரு வட்டத்தைத் தொட்டு, "தோசை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் ஒன்று செய்வார். பழைய பட்டன் போன் ஒன்று வைத்திருந்தார், அதில் ஒரு நம்பரைப் போடுவார், காது மந்தமென்பதால் சத்தமாக வைத்துக்கொள்வார், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். "அலோ? அலோ? யாருடே? பேசித் தொலையேம்டே!" என்று ஒரு அம்மாவின் குரல் வரும். அவர் பேசமாட்டார். கட் பண்ணிவிட்டு ரொம்ப நேரம் மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வெண்ணிலா கஞ்சிக் கையோடு முன்னறைக்குப் போனவள் திரும்பி வந்து, "மாமா முழிக்கல" என்றாள். போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சீப்பு கையில் இருக்க, கொலையாகியிருந்தார்.

எனக்குக் கத்தத் தெரியவில்லை, கட்டையை எடுத்துக்கொண்டுபோய் வேலித் தட்டியில் தட்டினேன். கொளஞ்சியக்கா வந்தாள், அவள் வந்தால் ஊரே வந்த மாதிரி, ஊரும் வந்தது. அக்கா குனிந்து கழுத்தைப் பார்த்தாள். குழி இருந்தது. ஆனால் குழிக்குள் குளத்தில் கல் போட்டால் விரிகிற மாதிரி வளையம் வளையமாகக் கோடு இருந்தது.

"அடியே, இது நம்மூரு வெரல் இல்லடி" என்றாள் அக்கா. "நம்மள்ல யாருக்குடி கோடு இருக்கு? இது வெளியூரு. இவரு சொந்தக்காரங்க வெரல்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எல்லோரும் மெதுவாகத் தங்கள் தங்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். ராசாங்கம் மாமா யாருக்கும் தெரியாமல் போகிற மாதிரி எல்லோருக்கும் தெரியப் போய், அண்ணன் கழுத்துக் குழியில் இருந்த சுண்ணாம்பை வழித்துவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தார். திருகாணி மாதிரிப் பொருந்தியது.  "சரி வுடு" என்றார் பாவாடை மாமா. "இப்ப சார் கதையப் பாப்போம்."

சார் கதை மோசமாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் முறை வைத்து அழுது பார்த்தோம், பச்சையம்மா பெரியம்மா நல்ல ஒப்பாரிக்காரி, மூச்சுப் பிடிக்க அழுதாள், ஒரு அசைவும் இல்லை. சாரோடு டவுனிலிருந்து வந்துபோகிற ஏட்டையா மேலிடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார், போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுத்துப்போக வண்டி கிளம்பிவிட்டது என்றார்.

"அறுத்துட்டா அப்புறம் எங்கேர்ந்து எழுந்திருக்கிறது?" என்றார் வாத்தியார். "அறுக்கிறதுக்குள்ள வரவேண்டியவங்க வரணும்."

"யாரு வரணும்? போலீசுக்கு யாரு சொந்தம்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கொளஞ்சியக்காவின் முந்தானையை இழுத்து அவள் காதில் மட்டும் சொன்னேன், அவள் பட்டன் போனை எடுத்து என் கையில் திணித்துவிட்டாள்.

"நீயே பேசு."

"நானா? நீ பேசுக்கா."

"நான் பேசினா பண்ருட்டியத் தாண்டி ஒருத்தருக்கும் வெளங்காதுடி, சண்டைக்கு வர்றேன்னு போன வெச்சிருவாங்க. அந்தக் குரலக் கேட்டவ நீதான. பேசு, மனுசன் உசுரு."

என் வீட்டுக்காரரிடமே போனில் 'ம்' தவிர இன்னொன்று சொன்னதில்லை நான். ஊரே சுற்றி நிற்கிறது. அவர் கடைசியாகப் போட்ட நம்பரை அழுத்தினேன்.

"அலோ? யாருடே? இன்னைக்காவது பேசுவியா?"

"நான்... இங்க கருக்கைமேட்டுலேர்ந்துங்க."

"யாரு மக்களே?"

"உங்க தம்பிக்கு வாடகைக்கு வீடு விட்டவங்க."

தம்பி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்தக் குரலில் வைததைக் கேட்டால் அக்காவைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது.

"அவனுக்கு என்ன?"

"செத்துட்டாருங்க."

அந்தப் பக்கம் வாணலியில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம், "செரி" என்றார்கள். அப்புறம், "எனக்க மக கல்யாணத்துக்கு வராதவன். பத்திரிகையில பேரு விட்டுப்போச்சுன்னு ஆறு மைல்ல இருந்துட்டு வராதவன். அவனுக்கு நான் வரணுமாக்கும்?" என்றார்கள். 

உள்ளதைச் சொன்னேன். "நீங்க வந்து அழுதா எழுந்துருவாருங்க."

"என்னது?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க. பேசாம இருந்தவங்க வந்து அழுதா எழுந்துருவாங்க. வராட்டா மாட்டாங்க. வண்டி வருதுங்க, அறுக்கப் போறாங்க. சீக்கிரம் வாங்க." இவ்வளவையும் ஒரே மூச்சில் நான்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

வாணலியை இறக்குகிற சத்தம் கேட்டது. "எந்த பஸ்சு ஏறணும் மக்களே?"

அவர்கள் வந்துசேர மறுநாள் விடிந்துவிடும். வண்டியோ மத்தியானமே வந்துவிட்டது. ஊர் கூடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாவாடை மாமா சட்டையைக் கழற்றினார்.

"எனக்கு ஏற்கனவே பழக்கம். நான் படுத்துக்கறேன்."

இன்ஸ்பெக்டரைத் தூக்கிக் கொளஞ்சியக்கா வீட்டு உள்ளறையில், பலாப்பழம் பழுக்கப்போடுகிற வைக்கோலில் கிடத்தினோம். பாவாடை மாமா பந்தலில் வெள்ளைத்துணிக்குக் கீழே படுத்து மூச்சை அடக்கினார். பச்சையம்மா பெரியம்மா அவர்மேல் விழுந்து அழுத அழுகையில் வந்தவர்கள் துணியைத் தூக்கிப் பார்க்கவே கூசினார்கள். கழுத்தை மட்டும் விலக்கிப் பார்த்தார்கள், குழி இருந்தது, கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை விலக்கியதும் மாமா எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஆயிடுச்சு சார், இன்னொரு தபா வேணாம். சக்கரை கம்மியா ஒரு டீ மட்டும்" என்றாராம். அந்த டாக்டர் நல்லவர், டீ வாங்கிக் கொடுத்துப் பழைய கதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

காலையில் அதே வண்டியில் மாமா திரும்பி வந்தார், கூடவே டி.எஸ்.பி.யும் வந்தார், கோபத்தில் காதெல்லாம் சிவந்திருந்தது. உள்ளறைக்கு ஆள் போய் இன்ஸ்பெக்டரைத் தூக்கிவந்து பந்தலில் போட்டுவிட்டார்கள், மீசையில் ஒரு வைக்கோல் ஒட்டியிருந்தது. "ஏத்துங்கய்யா" என்று டி.எஸ்.பி. கத்துகிறார், ஏட்டையா காலைப் பிடிக்கிறார், நான் ரோட்டைப் பார்க்கிறேன், ரோட்டில் முந்திரிமரமும் புழுதியும்தான் இருக்கிறது, வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்கள், அப்போது அந்தப் புழுதிக்குள்ளிருந்து டவுன் பஸ் வந்தது.

இறங்கிய அம்மா கட்டையாக, குட்டையாக, கையில் ஒரு கட்டைப்பையோடு இருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை, நேரே வந்து, "கொஞ்சம் நவுருங்க" என்று டி.எஸ்.பி.யையே ஒதுக்கிவிட்டுத் தலைமாட்டில் நின்றார்கள். கூடப் பொறந்தவள் தலைமாட்டுக்கு வந்து நின்றுவிட்டால் அவள் அழுது முடிக்கிறவரை யாரும் பொணத்தைத் தொடக்கூடாது. டி.எஸ்.பி.யும் எங்கேயோ ஒரு ஊரில் பிறந்தவர்தானே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

ஆனால் பகவதியம்மா, அதுதான் அவர்கள் பேர், அழவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தார்கள்.

"எலே தாணு. பேரை விட்டது பிரஸ்ஸுகாரன், நானாடே? திருத்தி அடிச்சு நேர்ல கொண்டுவந்தேன், வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்ட. தாய்மாமன் இல்லாம எனக்க மகளுக்கு மாலையை யாரு எடுத்துக் குடுத்தா தெரியுமாடே? எதுத்த வீட்டு சைக்கிள் மெக்கானிக்கு! மாலையெல்லாம் கிரீஸு! பிள்ளைக்கு இப்பமும் போட்டோவில தோள்ல கறுப்பு தெரியும்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். எழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அடக்கி அடக்கிப் பந்தலே குலுங்கியது, பச்சையம்மா பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பகவதியம்மா நிறுத்தவில்லை. சின்ன வயசில் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனது, அவர் குளத்தில் செருப்பை விட்டுவிட்டு வந்தது, அதற்கு இவர்கள் அடி வாங்கியது, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுப் பேசாமல் வைக்கிறது யாரென்று தனக்குத் தெரியும் என்பது, தெரிந்தும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் 'யாருடே' என்று வீம்புக்குக் கேட்டது, எல்லாவற்றையும் போட்டுத் திட்டினார்கள். எல்லோரும் அழுகைக்குக் காத்திருந்தோம். திட்டு தீரவில்லை. இன்ஸ்பெக்டர் அசையவில்லை. நான் சொன்னதை நம்பி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே, அழாமல் போனால் என்ன செய்வது.

திட்டிக்கொண்டே குனிந்து மீசையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்தார்கள். "சளி புடிச்சா தைலம் தேச்சு விடாம ஒறங்கமாட்டான்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே, கை பழக்கத்தில் அவர் கழுத்தைத் தடவினார்கள். கட்டைவிரல் அந்தக் குழியில் போய் விழுந்தது. கோடும் கோடும் சேர்ந்து அப்படியே பொருந்திக்கொண்டது, நூல் இடைவெளிகூட இல்லை.

திட்டு நின்றுபோயிற்று. தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானாடே?" என்றார்கள் மெல்ல. "நான் பேசாம இருந்ததாடே இது?"

 கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு அவர் மீசையில் விழுந்தது. அதைத் தாங்கமாட்டாமல் கோபம் வந்து, ஓங்கித் தோளில் ஒரு அடி வைத்து, "எந்திரிடே, சவமே!" என்று கத்தினார்கள்.

பொணத்தைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா என்று நாங்கள் வாயைப் பொத்தினோம். நாகர்கோவில் பக்கம் பிரியமாக இருந்தாலும் அப்படித்தான் வைவார்களாம். இன்ஸ்பெக்டர் தும்மினார். தும்மின தும்மலில் டி.எஸ்.பி. தொப்பி கையிலிருந்து விழுந்தது. கண்ணைத் திறந்து, அக்காவைப் பார்த்து, கழுத்தில் இருக்கிற விரலை உணர்ந்து, முதல் வார்த்தையாக, "யக்கா, கையை எடுக்காத! தடயம் அழிஞ்சிரும்!" என்றார்.

மேளக்காரர்கள் கல்யாண அடி அடித்தார்கள். கொளஞ்சியக்கா டீயோடு ஓடிவந்தாள். டி.எஸ்.பி. மட்டும் விடாமல், "தடயம் கிடைச்சாச்சு, விரல் பொருந்துது, காரணமும் அந்தம்மாவே சொல்லிட்டாங்க. அரெஸ்ட் பண்ணுங்க தாணு" என்றார்.

"பண்ணலாம் சார்" என்றார் இன்ஸ்பெக்டர், டீயை ஊதிக்கொண்டே. "ஆனா எனக்க விரலை எங்கயெல்லாம் வச்சுப் பாக்கணும்னு முதல்ல யோசிக்கணும்லா. அப்புறம் இந்த ஊரு முழுக்க அரெஸ்ட் பண்ணணும். அப்புறம் சார், ஒங்க கழுத்துல காலர் பட்டன் பக்கத்துல லேசாச் செவந்திருக்கு, பாத்துக்கிடுங்க."

டி.எஸ்.பி. கையால் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.  பந்தலைவிட்டு வெளியே போய்ப் பலாமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போனை எடுத்தார். "அலோ... நான்தாம்ப்பா... ஒண்ணும் இல்லை, சும்மாத்தான்" என்பது வரைதான் எங்களுக்குக் கேட்டது.

பகவதியம்மா ஊருக்குப் போகாமல் எங்கள் முன்னறையிலேயே தங்கிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மீன்குழம்புக்குத் தேங்காய் வறுத்து அரைப்பதா பச்சையாய் அரைப்பதா என்று அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. தெருவே அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் நிம்மதியாக வேலை செய்கிறது, கொஞ்சம் ஓய்ந்தால் பாவாடை மாமா கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா சார், சத்தத்தக் காணோம், உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்கிறார், உடனே உள்ளேயிருந்து ரெண்டு குரல் சேர்ந்து வருகிறது. எங்கள் ஊரில் இப்போது யாரும் யாரோடும் பேச்சை விடுவதில்லை, பயம், முகத்தைத் திருப்புவதற்குப் பதிலாக நேரே போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள், அதனால் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை தெருவில் ஒரே கூச்சல், சம்பந்திகள் காபிச் சூட்டுக்காகக் கத்துகிறார்கள், வாத்தியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் பலாப்பழத்தை நடுவில் வைத்து வெட்டிக்கொண்டே கத்துகிறார்கள், அந்த நாளிலிருந்து ஒரு கொலைகூட விழவில்லை.

எனக்குத்தான் இன்னும் சரியாக வரவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிற ஆள் நான், பழக்கம் லேசில் போகுமா. பகவதியம்மாதான் தினமும் பிடித்துவைத்து, தொண்டையிலிருந்து கத்தாதே மக்களே, வயிற்றிலிருந்து கத்து என்று சொல்லித்தருகிறார்கள், வெண்ணிலா என்னைவிட முன்னேயே கற்றுக்கொண்டுவிட்டாள், நானும் நேற்று முந்தாநாள் கொஞ்சம்

"அடியே அஞ்சலாட்சி! காயற எம் பொடவ மேல உம் பொடவயப் போட்டது யாருடி? வாடி வெளிய!"

பார்த்தீர்களா, கொளஞ்சியக்காதான், இப்போது நான் உள்ளே போகமாட்டேன், கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டிவிட்டு, வயிற்றிலிருந்து, "யாருக்கா மொதல்ல போட்டது, நேத்து நீ எம் பாவாடைமேல" என்று